பெயர் எழுதிய கீரைக்கட்டு

ஜூன் 10, திங்கள்

என் பெயர் அம்மாசி. இதை நானே எழுதினேன்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று எழுதியதை இன்று எடுத்துப் படித்தேன். ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை. பேசியது காற்றோடு போய்விடும். எழுதியது காலையில் எழுந்து பார்த்தாலும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரி பட்டம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இந்த வெங்காயத்த உரிச்சுக் குடு" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆறட்டும். எனக்கென்ன அவசரம்?

நான் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பளம் வாங்கியதெல்லாம் கட்டைவிரல் மையில்தான். போன வருடம் எங்கள் தென்றல் நகர் குடியிருப்போர் மன்றத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கினார்கள். சுகந்தி டீச்சர் என் கையைப் பிடித்து 'அ' போட வைத்தார். என் பெயர் முதல் எழுத்திலேயே தொடங்குகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அகரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

படிக்க வந்த புதிதில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் ஒவ்வொரு பஸ்ஸின் பலகையையும் சத்தமாகப் படித்தேன். ஒரு கண்டக்டர், "பெரியவரே, ஏறப்போறீங்களா, படிக்கப்போறீங்களா?" என்றார். "படிக்கத்தான் வந்தேன்" என்றேன்.

ஜூன் 15, சனி

இன்று கீரை மேசை. மன்றத்துக்குப் பின்னால் குப்பை கொட்டிக்கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாத்தி. மருந்து அடிப்பதில்லை. சனிக்கிழமை காலையில் எல்லாருடைய கீரையையும் பறித்து, வாழைநாரால் கட்டி, ஒரே கூடையில் போட்டு வாசலில் வைப்போம். தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டு உண்டியலில் விரும்பியதைப் போடுவார்கள்.

மூன்றாம் தெருக் கோமதியம்மா ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, "இந்தச் சிறுகீரை யார் போட்டது? வெண்ணெய் மாதிரி இருக்கே!" என்று கேட்டார். அது என் கீரை. நான் குழாயடியில்தான் நின்றேன். வாயில் வெற்றிலை இருந்ததால் சொல்ல முடியவில்லை.

ஜூன் 17, திங்கள்

தோட்டக் கூட்டத்தில் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். கட்டுக்குக் கட்டு ஒரு சீட்டில், வளர்த்தவர் பெயரை எழுதிச் செருகினால் என்ன? கேட்பவர்களுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

"அண்ணனுக்கு எழுதறதுக்கு எடம் பத்தல. நம்ம கீரையெல்லாம் சிலேட்டாக்கப் பாக்குறாரு" என்றாள் சவரியம்மா. தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருப்பவள். அவள் பாத்தி என் பாத்திக்கு அடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். சுகந்தி டீச்சர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணுங்களாய்யா?" என்றார். "வேணும் டீச்சர்" என்றேன். முதல் முறையாக என் யோசனை ஒன்று தீர்மானமானது.

ஜூன் 21, வெள்ளி

மாலை முழுவதும் சீட்டு எழுதினேன். அம்மாசி, அம்மாசி, அம்மாசி. எழுத எழுத வேறு யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர் போலத் தெரிகிறது.

ஜூன் 22, சனி

எல்லாருடைய கட்டும் போய்விட்டது. என்னுடையது நின்றுவிட்டது. என் எழுத்து கோணலாக இருக்கிறது. யாருக்கும் புரிந்திருக்காது. 'சி'யின் மேல் சுழியைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். மிஞ்சியதை வளர்த்தவர் எடுத்துப்போவது வழக்கம். எடுத்து வந்தேன்.

ஜூன் 26, புதன்

'சி' பழகினேன்.

ஜூன் 29, சனி

இன்று சீட்டுகள் அச்சடித்தது போல இருந்தன. சுகந்தி டீச்சரே சொன்னார். கட்டுகளைக் கூடையின் முன்வரிசையில் வைத்தேன்.

கோமதியம்மா வந்தார். என் சிறுகீரையைக் கையில் எடுத்தார். சீட்டைத் திருப்பிப் படித்தார். திரும்ப வைத்துவிட்டு, அடியில் கிடந்த வதங்கிய கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

படித்தார். அதாவது, என் கையெழுத்து இப்போது புரிகிறது.

ஜூலை 1, திங்கள்

சனிக்கிழமை கீரைப் பொரியல். ஞாயிற்றுக்கிழமை கீரைக் கடையல். இன்று கீரை போட்ட பருப்பு. "நானென்ன வெள்ளாடா?" என்றாள் பட்டம்மா. "மிச்சத்த அக்கம்பக்கத்துல குடுத்துட்டு வாய்யா." எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வரிசையில் வாங்குவார்கள்.

ஜூலை 6, சனி

இன்று என் கட்டுகள் எல்லாம் போய்விட்டன! கூடை காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை. சவரியம்மாவிடம் ஓடினேன். அவள் கட்டுகள்தான் கூடைக்கு வெளியே அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயர்ச் சீட்டு.

"காலையில வந்து சீட்ட மாத்திப்புட்டேண்ணே" என்றாள். "ஒன் கீரைக்கு எம்பேரு. எங்கீரைக்கு ஒம்பேரு. பாத்தியா, ஒங்கீரை பறந்துருச்சு. எங்கீரை பூச்சி அரிச்ச மாதிரி கெடக்கு. இப்பயாச்சும் புரியுதா?"

"எதுக்கு மாத்துன?"

"ஒனக்குப் புரியட்டும்னுதான். 'சி' போடத் தெரியலன்னு ஊருபூராவும் சொல்லிக்கிட்டுத் திரியிற!"

எனக்குக் கோபம் வந்தது. "எங்கீரை எம்பேர்லதான் போவணும் சவரி. இனிமே சீட்டுல கைய வச்சேன்னா இந்தப் பக்கமே வராத" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவள் கீரையை வீட்டுக்கு எடுத்துப்போனேன். வீணாகக்கூடாது அல்லவா?

ஜூலை 7, ஞாயிறு

எனக்கு முன்பே தெரியும்.

மூன்றாம் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சாக்கடையும் எங்கே அடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். கூடையில் பெயரில்லாமல் கிடந்தபோது கீரை வெறும் கீரையாக இருந்தது. இப்போது அது அம்மாசி கீரை.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது. அதை எழுதவும் இப்போது எனக்குத் தெரியும். எழுதிப் பார்க்கவில்லை. எழுதுவதற்கு எத்தனையோ நல்ல சொற்கள் இருக்கின்றன. வெண்டை. வெள்ளரி. வெயில்.

ஜூலை 8, திங்கள்

சவரியம்மா கடைக்குப் போய் நின்றேன். பேசாமல் இட்லி வைத்தாள். பேசாமல் சாப்பிட்டேன். "சட்னி உப்பு" என்றேன். "ஒங்கோவத்த விடக் கம்மிதாண்ணே" என்றாள். சரியாகிவிட்டது.

மாலையில் சுகந்தி டீச்சர் என் பாத்திக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சீட்டு முறைய நிறுத்திரலாம்யா. முன்ன மாதிரியே பொதுவா வச்சிருவோம். யாருக்கும் சங்கடம் இல்ல."

"யாருக்குச் சங்கடம் டீச்சர்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் நல்லவர். "நீங்கதானே எழுதக் கத்துக்குடுத்தீங்க" என்றேன். "கத்துக்குடுத்துட்டு, இப்ப மறைச்சு வைங்கன்னா எப்படி? சீட்டு இருக்கட்டும். கீரை நின்னா நான் சாப்பிட்டுக்கறேன். உடம்புக்கு நல்லதுதானே?"

ஜூலை 13, சனி

நின்றது. சாப்பிட்டோம்.

ஜூலை 20, சனி

நின்றது. இந்த முறை பெயருக்குக் கீழே ஒரு கோடும் போட்டிருந்தேன்.

தண்டுக்கீரை விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. தோட்டத்திலேயே என்னுடையதுதான் தடிமன்.

ஜூலை 24, புதன்

சுதந்திர தின விருந்துக்குக் கூட்டம். கொடியேற்றி முடித்ததும் தெருக்காரர்கள் எல்லாரும் மன்றத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். சோறு மன்றத்தில் வடிப்பார்கள். தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாத்தியில் விளைந்ததை வைத்து வீட்டில் ஒன்று செய்து கொண்டுவருவார்கள். போன வருடம் எனக்குப் பாத்தி கிடையாது. இந்த வருடம் இருக்கிறது.

கோமதியம்மாவும் விருந்துக் குழுவில் இருக்கிறார். "இந்த வாட்டி எல்லாக் காயையும் இங்கயே குடுத்துட்டு, மாஸ்டர வச்சுச் சமைச்சிரலாம்" என்றார். "ஒவ்வொருத்தரும் வீட்டுலேருந்து தூக்கிட்டு வர்றது செரமம்."

"எனக்குச் செரமம் இல்லங்க" என்றேன்.

"ஒனக்காகச் சொல்லலப்பா. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா யாருக்குச் செரமம்னு கேளுங்க" என்றாள் சவரியம்மா. யாரும் கை தூக்கவில்லை.

சுகந்தி டீச்சர் எழுந்தார். இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை. "போன வருசம் எப்படியோ அப்படியே இந்த வருசமும். வீட்டுலேருந்துதான்" என்றார்.

"அப்ப யாரு எதச் சாப்பிடணும்னு கட்டாயம் இல்லல்ல?" என்றார் கோமதியம்மா.

"கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன் நான். "பசிக்கிறவங்க சாப்பிடட்டும்."



ஜூலை 25, வியாழன்

பட்டம்மா சமைக்க மாட்டேன் என்கிறாள்.

"நீ கீரைய நட்ட. அது மூஞ்சி திருப்புனா ஒனக்குத் தாங்கும். நான் ஆக்குனதுக்கு முன்னால வந்து மூஞ்சியத் திருப்புனா எனக்குத் தாங்காதுய்யா. எத்தனை வீட்டு வாசல்ல வேலைக்குப் போயி நின்னு நான் அதப் பாத்திருக்கேன். வயசான காலத்துல காசில்லாம அதப் பாக்கறதுக்கு வேற நான் பட்டுச்சேலை கட்டிட்டு வரணுமா?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் தோட்டத்துக்குப் போய்க் களை பறித்தேன். களை இல்லாத இடத்திலும் பறித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

நின்றது.

இன்னொன்று. இரண்டாம் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் என் கட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். சந்தோஷத்தில் என் கை மண்வெட்டியை விட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் சட்டென்று வெளியே எடுக்கவும் இல்லை; வைத்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடை ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள். மெதுவாக வைத்தாள் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பட்டம்மா வரமாட்டாள் என்றால் நானே சமைப்பது என்று முடிவு செய்தேன். இன்று ஒத்திகை. கீரைத்தண்டைத் துண்டு போட்டேன். புளியைக் கரைத்தேன். குழம்பு கொதித்தது. பிறகு வழிந்தது. பிறகு அடுப்பு அணைந்தது. அடிப்பிடித்த வாசனைக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது.

பட்டம்மா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள். "தண்டுல நார உரிச்சியா?"

"உரிக்கணுமா?"

"தள்ளு அங்கிட்டு. ஊருக்கு முன்னால இதக் கொண்டுபோயி வச்சேன்னா அவுங்க திங்காததுதான் நியாயம்னு ஆயிரும்."

மறுபடி முதலிலிருந்து வைத்தாள். பூண்டை நசுக்கிப் போட்டாள். கொதி வந்ததும் கை தானாகக் கருவாட்டுச் சட்டிக்குப் போனது. "விருந்துல கருவாடு ஆகாது" என்றேன். "கருவாடு போடாத தண்டுக் கொழம்பு ஒரு கொழம்பா?" என்று முனகினாள். வருவதாகச் சொல்லவில்லை. ஆனால் ருசி பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கை மொச்சை போடணும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

தண்டு அறுத்தாகிவிட்டது. மொச்சை ஊறுகிறது. பட்டம்மா சேலைக்கு இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கை வலித்தாலும் இன்று முழுவதும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் குழம்பு இறங்கியதும் சீட்டு எழுதினேன். 'கீரைத்தண்டுக் குழம்பு' என்று மேலே. கீழே 'பட்டம்மா, அம்மாசி' என்று. "இதுல எது நானு?" என்றாள். தொட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். "எம்பேரு ஒன்னோடத விட நீளமா இருக்கே" என்றாள். அவளுக்கு அதில் திருப்தி.

குண்டானை இரண்டு பேரும் ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்கிப்போனோம். மன்றத்தில் நீள மேசை. சோற்றுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அங்கேயே வைத்தேன். குண்டான்மேல் சீட்டைச் சாய்த்து வைத்தேன். கொடி ஏறியது. மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு வரிசை நின்றது.

முதலில் சவரியம்மா தட்டோடு வந்தாள். "ஊத்து மதினி. சோறு வெளிய தெரியக்கூடாது" என்றாள். அடுத்து சுகந்தி டீச்சர். நிறைய வாங்கிக்கொண்டார். எங்கள் தோட்டக்காரர்கள் சிலரும் வாங்கினார்கள். இவர்கள் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு மூன்றாம் தெரு. முதலில் வந்தவர், "புளி எனக்கு ஆவாது" என்றார். தள்ளிப்போய் வத்தக்குழம்பை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். அந்தப் புளி வேறு புளி போலிருக்கிறது. அடுத்தவர் வயிறு சரியில்லை என்றார். அதற்கடுத்தவர் சீட்டைப் படித்துவிட்டுத் தட்டை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு கடந்தார். பட்டம்மா கரண்டியைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கொண்டுவந்தது தவறோ என்று ஒரு கணம் தோன்றியது. "போயிருவமாய்யா?" என்றாள், உதடு அசையாமல்.

"வரிசை முடியட்டும்" என்றேன்.

அப்போது கோமதியம்மாவின் வீட்டுக்காரர் வந்தார். தர்மலிங்கம் என்று பெயர். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். கீரை மேசைக்கு வந்தே நான் பார்த்ததில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு எங்கள் குண்டானுக்கு முன்னால் நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார்.

பின்னாலிருந்து கோமதியம்மா முழங்கையால் இடித்தார். "நகருங்க. உங்களுக்குச் சர்க்கரை."

"கீரைத்தண்டுல என்னாடி சர்க்கரை?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுபடி ஓர் இடி. அவர் அசையவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றார். "ஊத்துங்க" என்றார் பட்டம்மாவிடம். அவள் ஒரு சின்னக் கரண்டி ஊற்றினாள். மேசையிலும் கொஞ்சம் சிந்தியது. "மருந்து மாதிரி ஊத்துறீங்க. நல்லா ஊத்துங்க" என்றார்.

அவர் நகர்ந்துபோய்ச் சாப்பிட்டிருக்கலாம். அங்கேயே நின்று, எல்லாரும் பார்க்கப் பிசைந்து வாயில் போட்டார். ஒரு தண்டை எடுத்துக் கடித்து உறிஞ்சினார். வரிசை முழுவதும் காத்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். சாக்கடைக்குள் இறங்கிய காலத்தில்கூட மூச்சை இப்படி அடக்கியதில்லை.

"நல்லாருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா, கருவாடு போட்டிருந்தா இன்னும் தூக்கியிருக்கும்."

பட்டம்மா கரண்டியை மேசையில் ஓங்கி வைத்தாள். "அதத்தான் நானும் சொன்னேன்! இந்த மனுசன்தான் கேக்கல!"

மன்றமே சிரித்தது. அவளும் சிரித்தாள். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு சிலர் வந்தார்கள். இரண்டாம் தெருவில் புதிதாகக் குடிவந்த அந்தப் பெண் வந்தாள். வயிறு சரியில்லை என்றவர் திரும்பி வந்து, "கொஞ்சமா ஊத்துங்க, பாப்போம்" என்றார். பலர் வரவில்லை. கோமதியம்மா சாப்பிடவில்லை. தர்மலிங்கம் இரண்டாம் முறை வாங்க வந்தபோது அந்தம்மா எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். இனி அவர்கள் வீட்டில் தர்மலிங்கத்துக்கு எத்தனை நாள் சோறு கிடைக்குமோ தெரியாது.

விருந்து முடிந்து மேசையைத் துடைத்தார்கள். மற்றவர்களின் பாத்திரங்கள் எல்லாம் காலி. எங்கள் குண்டானில் பாதிக்கு மேல் இருந்தது. சுகந்தி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன். "பாதி கிட்ட தீந்துருச்சு பாத்தீங்களா டீச்சர்!" என்றேன்.

இருவரும் ஆளுக்கொரு காது பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தோம். வழியெல்லாம் குழம்பு உள்ளே அலை அடித்தது. மூன்றாம் தெரு முனையில் இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டோம்.

"அடுத்த வருசம் சின்னக் குண்டான் போதும்யா" என்றாள்.

"இதே குண்டான்தான்" என்றேன்.